வெங்காயச் சிஸ்டரிடம் சொல்லாமல் விட்டது

சென்ற கிழமை முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப் பாமசிக்குப் போயிருந்தேன். மருந்தைப் போட்டுத் தந்த கடதாசிப் பையின் அடியில் பச்சை எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தார்கள்: 'நன்றி, மீண்டும் வருக.' அதை வாசித்ததும் கடைக்குள்ளேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மருந்து எடுத்துத் தந்த பிள்ளை பயந்துபோய், "என்ன அன்ரி, மருந்து மாறிட்டா?" என்று கேட்டாள். இல்லை மகள், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவளுக்கு எதைச் சொல்லி, எங்கிருந்து தொடங்குவது? வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்து இன்னொரு தரம் வாசித்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. வெங்காயச் சிஸ்டரின் நினைவு வந்துவிட்டது.

நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லையென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டைவிட்டுப் புறப்படும்போது நாங்கள் 'போறன்' என்று சொல்வதில்லை. 'போயிட்டு வாறன்' என்போம். கடைக்குப் போனாலும் அப்படித்தான், கடல் கடந்து போனாலும் அப்படித்தான். இரண்டு இடங்களில் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. ஒன்று செத்த வீடு. மற்றது மருந்து வாங்கிய இடம். நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் வீட்டில் மருந்தை வாங்கிக்கொண்டு 'வாறன்' என்றால், வந்த வருத்தமும், நோயைத்தான் அப்படிச் சொல்வோம், 'நானும் வாறன்' என்று கூடவே திரும்பி வந்துவிடுமாம். ஆகவே எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டுவார்கள். பரியாரியாரும் அதை மரியாதைக் குறைவாக எடுப்பதில்லை. சொல்லிவிட்டுப் போனால்தான் அவருக்கு முகம் கறுக்கும்.

சரி, சிஸ்டருக்கு வருகிறேன். அவருடைய துறவறப் பெயர் நீளமானது. மடத்தில் இருந்த மற்றச் சிஸ்டர்மாரைத் தவிர வேறு எவரும் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் வெங்காயச் சிஸ்டர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கல்லும் காற்றும் கடலுமான ஏதோ ஓர் ஊரில் பிறந்தவர். தாதி வேலை படித்துவிட்டுக் கப்பலேறி வந்தவர், முப்பது வருடமாக எங்கள் வாவிக்கரையை விட்டு அசையவில்லை. மடத்தின் பின்புறம், தண்ணீரைப் பார்த்தபடி மூன்று படிக்கட்டும் ஒரு விறாந்தையும் உள்ள ஓட்டுக் கட்டடம்தான் அவருடைய மருந்துச்சாலை. வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது படும் பக்கம் படுவான்கரை. மருந்துச்சாலை இந்தப் பக்கம், நோயாளிகளில் பாதிப்பேர் அந்தப் பக்கம். அவர்களைக் காலையில் தோணியில் ஏற்றிவந்து மத்தியானம் ஏற்றிப்போவது சாமித்தம்பி அண்ணனின் வேலை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். வயது இருபது. கரடியனாற்றில் இருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தேன். சோதனையில் கணிதம் காலை வாரிவிட்டது, ஆங்கிலம் மட்டும் கைகொடுத்திருந்தது. நோயாளிகளுக்குத் தமிழில் மருந்துச் சீட்டு எழுதுவதும், சிஸ்டருக்குப் பேச்சு விளங்காத இடத்தில் விளக்கிச் சொல்வதும் என் வேலை. அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். ஆனால் வேதாகமத்தை வைத்துப் படித்த தமிழ். "நீர் வாயைத் திறவும்", "உமது வயிற்றிலே நோவு உண்டோ?" என்றெல்லாம் கேட்பார். வயல் வட்டையில் சேறு மிதித்துவிட்டு வந்த மனுசன், தன்னை இவ்வளவு மரியாதையாக யாரும் இதுவரை கேட்டதில்லையே என்று திகைத்து நிற்பான். அவன் தன் பாசையில் பதில் சொன்னால் இவர் திகைப்பார். இரண்டு திகைப்புக்கும் நடுவில் நான்.

காய்ச்சலுக்குக் கொய்னாவும் ஊதா நிற மருந்தும் போத்தலில் கலக்கும் மைக்சரும் அங்கே இருக்கத்தான் இருந்தன. அவை முடிந்துபோகும் நாள்கள்தான் அதிகம். அப்போது சிஸ்டர் தன் தாயின் வைத்தியத்துக்கு இறங்குவார். காதில் குத்து வலியென்றால் வெங்காயத்தைத் தணலில் சுட்டு, இளஞ்சூட்டில் துணியில் பொதிந்து காதோடு சேர்த்துக் கட்டுவார். அவருடைய ஊரில் அதற்குப் பெரிய வெங்காயம். இங்கே சின்ன வெங்காயம் ஏழெட்டை ஒன்றாகக் கட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு விறாந்தையில் பார்த்தால் தலைப்பாகை கட்டிய சின்னப் பட்டாளம் ஒன்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் யார் வீட்டு அடுப்பிலாவது வெங்காயம் கருகினால் எனக்குப் பசி வராது, காதுதான் ஞாபகம் வரும்.

சீழ்க்கட்டுப் பழுக்க வைக்கப் பேக்கரிப் பாணைக் கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து வைத்துக் கட்டுவார். அது மாத் தட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கு விடியற்காலையில் கியூவில் நிற்க வேண்டும். "தின்னப் பாண் இல்ல, இவ புண்ணுக்குத் தீத்துறா" என்று சாமித்தம்பி அண்ணன் தோணியில் இருந்தபடியே நெற்றியில் அடித்துக்கொள்வார். அடுத்த மாதம் அவருக்கே தொடையில் ஒன்று புறப்பட்டது. தன் பங்குப் பாணைச் சேட்டுக்குள் மறைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்தார்.

இருமலுக்குக் கடற்பாசியைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பது அவருடைய ஊர் வழக்கமாம். ஒருநாள் கடற்கரைக்குப் போய் ஒரு கூடை பாசி அள்ளிவந்து காய்ச்சினார். அந்த வாடையில் மடத்துச் சமையற்காரி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. பெரிய மதர் அழைத்து ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பாசி வைத்தியம் அத்தோடு நின்றது. கண்கட்டிக்கு முள் வைத்தியம் மட்டும் தொடர்ந்தது. அவருடைய ஊரில் வேறு ஏதோ செடியின் முள். இங்கே தேசி முள், அதாவது எலுமிச்சை முள். ஒன்பது முள்ளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே நீட்டிவிட்டுப் பத்தாவதைத் தோளுக்கு மேலாக வீசிவிடுவார். பார்வை பார்த்துப் பழகிய எங்கள் சனத்துக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. "சிஸ்டருக்கு மந்திரமும் தெரியும்" என்று படுவான்கரை முழுக்கப் பேச்சு.

வாதத்துக்கு உருளைக்கிழங்கு. அதைத் தின்பதில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். கிழங்கு மெல்ல மெல்ல இறுகிக் கல்லாகும், வலியை அது இழுத்துக்கொள்ளும் என்பார். சிஸ்டருக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். அவருடைய வெள்ளை அங்கியின் வலப்பக்கப் பையில் எந்த நேரமும் ஒரு கிழங்கு கிடக்கும். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் நிறுத்தியிருந்த அந்த நாளில் எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கைக் கண்ணில் காண்பது அரிது. மலைநாட்டில் இருந்து வரும் பாதிரியார் எவராவது ஒன்றிரண்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு.

இந்த வைத்தியத்துக்கெல்லாம் ஒரே ஒரு நிபந்தனை. நன்றி சொல்லக் கூடாது. நோயாளி கையைக் கூப்பி வாயைத் திறந்தால் போதும், சிஸ்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சொல்லாதேயும்! சொன்னால் சுகம் செத்துப்போம், நோய் திரும்பும்!" என்று கத்துவார். தாய் வைத்தியத்தைக் கையளித்தபோது வாங்கிய சத்தியமாம் அது. வேதத்தில் இல்லாத இந்த விஷயத்தை ஒரு கன்னியாஸ்திரி எப்படி நம்புகிறார் என்று நான் ஒருநாள் கேட்டேன். "நான் நம்புகிறதில்லை. ஆனால் மீறுகிறதும் இல்லை" என்றார். எங்கள் அம்மா வியாழக்கிழமைகளில் தலைமுடி வெட்ட விடாமல் தடுத்தபோது சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுதான்.

இனி என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் வலது கை விரல்களில் மரு முளைக்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு நாலு, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சுண்ணாம்பு வைத்துச் சுட்டேன், தோல்தான் வெந்தது. களுதாவளைப் பிள்ளையாருக்கு அம்மா நேர்த்தி வைத்தாள். ஒன்றும் அசையவில்லை. அந்தக் கையால்தான் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதில வெச்சிடு புள்ள, நான் எடுக்கிறன்" என்று மேசையைக் காட்டினாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மரு ஒட்டும் என்ற பயம். அதற்குப் பிறகு எல்லாருக்கும் நானே மேசையில் வைக்கத் தொடங்கினேன். மடத்து விடுதியில் என்னோடு ஒரே பீங்கானில் சாப்பிட்ட பிள்ளைகள் மெல்ல விலகிப்போனார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு என்னோடு பேச ஆளில்லை. யன்னலோரத்தில் இருந்து கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு அழுத நாள்கள் பல உண்டு.

சிஸ்டர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம், நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, "உமது கையைத் தாரும்" என்றார். அங்கிப் பைக்குள் கையை விட்டுக் கிழங்கை எடுத்தார். அந்த வாரம்தான் வந்திருந்த புதுக்கிழங்கு, இன்னும் இறுகவில்லை. கத்தியால் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தால் ஒவ்வொரு விரலையும் ஒவ்வொரு மருவையும் தேய்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு வளவுக்குள் இறங்கி, பூவரச மரத்தடியில் அவரே குழி தோண்டி இரண்டு பாதியையும் புதைத்தார். கிழங்கு மண்ணில் உக்க உக்க மரு உதிருமாம். "உமது கால்?" என்று கேட்டேன், எனக்கும் அவருடைய தமிழ் தொற்றியிருந்தது. "கால் கிழவியுடையது, கை குமரியுடையது" என்றார். எனக்கு நன்றி வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் காதைப் பொத்தத் தயாராகக் கையை உயர்த்துவதைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

ஐந்தாம் கிழமை மரு உதிர்ந்தது. கிழங்கா, காலமா, பிள்ளையாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு சிஸ்டருக்கு வேறு கிழங்கு கிடைக்கவில்லை. இனிப்பான வத்தாளங்கிழங்கைப் பையில் வைத்துப் பார்த்தார், எறும்புதான் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் நொண்டத் தொடங்கியது அந்த மாதத்தில்தான்.

நோயாளிகளை ஏற்றிக்கொண்டு தோணி திரும்பும் நேரத்தில் சிஸ்டர் மேற்படியில் வந்து நிற்பார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோணி நடு வாவிக்குப் போகும் மட்டும் அவர் நிற்பார். ஒருநாள் அப்படி நின்றபடியே என்னிடம் கேட்டார்:

"நான் கடைக்குப் போனாலும், கோவிலுக்குப் போனாலும், இந்தச் சனங்கள் ஒருவருக்கொருவர் போய் வருகிறேன், போய் வருகிறேன் என்று சொல்லக் கேட்கிறேன். என்னிடத்தில் மட்டும் முப்பது வருடமாக ஒருவரும் அதைச் சொன்னதில்லை. ஏன்?"

பதில் என் நுனிநாக்கில் இருந்தது. அதைச் சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் எனக்கு அப்போது இருபத்தொரு வயது. மடத்து ஆங்கிலம் தலைக்கேறியிருந்த நேரம். வெள்ளைக்காரச் சிஸ்டரிடம் போய், வாறன் என்றால் வருத்தமும் வரும் என்று நாங்கள் நம்புகிறோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காதில் வெங்காயம் கட்டுகிறவரிடம், நன்றிக்குக் காது பொத்துகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. "அவங்க நாட்டுப்புறத்து ஆக்கள் சிஸ்டர். பழக்கவழக்கம் தெரியாது" என்றேன்.

"அப்படியா" என்றார். கிழங்கில்லாத பைக்குள் கையை விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் தோணி போகும்போது அவர் படிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அவர் ஏன் அன்றைக்கு அதைக் கேட்டார் என்பது மூன்று கிழமை கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. சபையில் இருந்து கடிதம் வந்திருக்கிறது: வயதான சிஸ்டர்மார் சொந்த நாட்டுக்குத் திரும்பலாம், இங்கேயே இருக்க விரும்பினால் எழுதிக் கேட்கலாம். கடிதம் அவருடைய பையில் இருந்தபோதுதான் என்னிடம் அதைக் கேட்டிருக்கிறார். "திரும்புகிறேன் என்று எழுதிவிட்டேன்" என்றார் மருந்துப் போத்தல்களைத் துடைத்தபடி. "இங்கே என்னைத் தேட ஒருவரும் இல்லை. அங்கேயும் இல்லைத்தான். ஆனால் அங்கே உருளைக்கிழங்கு உண்டு." சிரிக்கச் சொல்லித்தான் சொன்னார். நான் துடைத்த போத்தல்களை வாங்கி அடுக்கினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடிதம் போய்விட்டதே, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை என்னவென்றால், நான் பொய்க்காரி என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

கடைசி நாள் மருந்துச்சாலைக்கு ஒரு குருவிகூட வரவில்லை. சிஸ்டர் புதிதாகத் துவைத்த அங்கியோடு மத்தியானம் வரை விறாந்தையில் இருந்தார். "இன்று யாருக்கும் நோய் இல்லைப்போலும்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டித் திறப்பை என் கையில் வைத்தார்.

மறுநாள் காலை ரயில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன். மேடையில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. படுவான்கரை முழுக்க அங்கே நின்றது. காது வெங்காயத்துப் பிள்ளைகள், கண்கட்டிக்காரர்கள், அன்றைக்குச் சீட்டை மேசையில் வைக்கச் சொன்ன அந்தப் பெண், எல்லாருக்கும் முன்னால் வெளுத்த வேட்டியோடு சாமித்தம்பி அண்ணன். சிஸ்டர் ரயிலில் ஏறி யன்னலடியில் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். "போயிட்டு வாறன் சிஸ்டர்." "நாங்க போயிட்டு வாறம் சிஸ்டர்." போகிறவர் அவர்; சொல்கிறவர்கள் இவர்கள். அது ஒருவருக்கும் பிழையாகத் தோன்றவில்லை.

சிஸ்டரின் முகம் கலங்கிப்போனது. "இது என்ன? இத்தனை காலம் ஏன் சொன்னதில்லை?" என்று சாமித்தம்பி அண்ணனிடம் கேட்டார்.

"மருந்து தாற இடத்தில சொல்லக்கூடா சிஸ்டர். சொன்னா வருத்தமும் கிறுகி வந்திரும். அதுதான் நேத்து அங்க வரல்ல. இது டேசன்தானே, இஞ்ச சொல்லலாம். முப்பது வருசத்துக்கும் சேத்துச் சொல்லிட்டுப் போவம் எண்டு வந்த" என்றார் அவர். பிறகு என்னைக் காட்டி, "ஏன், புள்ள சொல்லல்லையா?" என்று கேட்டார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "அப்படியா" என்றார். அன்றைக்குச் சொன்ன அதே சொல். ரயில் ஊதியது. யன்னல் வழியே கையை நீட்டி என் வலது கையைப் பிடித்தார். விரல்களை விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, மரு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோயாளியின் கையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நன்றி சொல்லவும் வழியில்லை. எல்லாரும் வாறன் சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. 'இங்கே மழை. முழங்கால் பழையபடி. உமது கை சுகமோ?' என்று தமிழில், கோணல் எழுத்தில். கை சுகம் என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் இரண்டு வரி எழுதத் தொடங்கி, சிஸ்டர் அதை வாசித்தால் காதைப் பொத்துவாரே என்று நினைத்து விட்டுவிட்டேன். இதுவும் ஒரு சாட்டுத்தான். அடுத்த கடிதம் வேறு ஒரு சிஸ்டரின் கையெழுத்தில், ஆங்கிலத்தில் வந்தது. உறையைப் பிரிக்க முன்னரே எனக்கு விளங்கிவிட்டது.

மருந்துச்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் இரண்டு மாடிக் கட்டடம், கீழே கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். பூவரசு எப்போதோ போய்விட்டது. சாமித்தம்பி அண்ணனும் போய்விட்டார். தோணிக்கும் வேலையில்லை, பாலத்தால் பஸ் ஓடுகிறது. வெங்காயம் கட்டிய காதுகளில் பாதி கனடாவிலும் லண்டனிலும் இருக்கின்றன. என் பிள்ளைகளும் அங்கேதான். உருளைக்கிழங்கு எந்தக் கடையிலும் குவிந்து கிடக்கிறது. நானும் ஒன்றை வாங்கி வீட்டுச் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நன்றியையும் வருகையையும் மருந்துப் பையிலேயே அச்சடித்து, கேட்காதவர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

அந்தப் பையை மேசையில் வைத்த அன்றைக்கு, வீட்டில் ஒருவரும் இல்லாததால், நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "சிஸ்டர், நன்றி. அண்டைக்கு நான் சொன்னது பொய்." ஐம்பது வருடத்துக்கு மேலாக வாயில் வைத்திருந்தது. சொன்னால் நோய் திரும்பும் என்பது அவருடைய சட்டம். அன்றில் இருந்து ஒவ்வொரு நாள் காலையும் யன்னலடிக்குப் போய், வெளிச்சத்தில் வலது கை விரல்களை விரித்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு மரு வந்தால் போதும், அவருக்குக் கேட்டுவிட்டது என்று தெரிந்துகொள்வேன். இன்றைக்கும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.